காத்திருக்கத் தெரிந்த மாவு

கேள்வி: ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர், ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகள், மாமியார், நான் என்று ஐந்து பேர் உள்ள வீடு. அலுவலகத்தில் தினம் ஒரு ஏச்சு. யாரோ செய்த தவறுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று கேக் செய்ய ஆரம்பித்தேன். இதுவரை செய்த பத்து கேக்கில் ஆறு நடுவில் குழி விழுந்துவிட்டன. "கடையில் வாங்கினால் இந்தப் பாடு இல்லையே" என்கிறார் மாமியார். கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார். அதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. போன வாரம் மகன், "அம்மா, மறுபடியும் குழியா?" என்று கேட்டான். கேக்கை அப்படியே குப்பையில் கொட்டிவிட்டு அவனையும் திட்டிவிட்டேன். மறுநாள், "எனக்கு இனிமேல் கேக் வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டான். நான் எங்கே தவறு செய்கிறேன்? பேசாமல் இதை விட்டுவிடட்டுமா? பத்து கேக்கின் விவரத்தையும் அட்டவணையாகப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இன்னொன்று, மாமியார் இனிப்பைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். அவரும் சாப்பிடுகிற மாதிரி ஏதாவது உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

இருபது வருடமாக பேக்கிங் சொல்லிக்கொடுக்கிறேன். "கேக் சரியாக வரவில்லை" என்று எழுதுகிறவர்கள் யாரும் எனக்கு அட்டவணை அனுப்பியதில்லை. "எல்லாம் சரியாகத்தான் போட்டேன்" என்று ஒரு வரி எழுதுவார்கள், அதை வைத்து நான் குறி சொல்ல வேண்டும். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பது என் அதிர்ஷ்டம். மைதா, பேக்கிங் பவுடர், ஓவன் சூடு, நேரம், முடிவு, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தை நீங்கள் போகிறபோக்கில் நிரப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு விடை கிடைத்தது அங்கேதான்.

குழி விழுந்த ஆறு கேக்கும் வேலை நாளில் செய்தவை. அந்த ஆறில் நான்குக்கு நேராக 'போன் வந்தது' என்று இருக்கிறது. மற்ற இரண்டுக்கு நேராக 'பயந்து திறந்து பார்த்தேன்'. விடுமுறை நாளில் செய்த மூன்றும் நன்றாக வந்திருக்கின்றன. வேலை நாளில் செய்து தேறியது ஒன்றே ஒன்று. அதற்கு நீங்கள் எழுதிய குறிப்பு: 'மேலாளர் லீவ்'. அதைப் படித்துவிட்டு நான் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

ஆக, உங்கள் கையில் குறை இல்லை. கையில் குறை இருந்தால் அது லீவ் நாள் பார்த்து ஒளிந்துகொள்ளாது.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைத் துகள்கள் வெண்ணெயைக் கிழித்து உள்ளே காற்றை ஏற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் குமிழ்கள். கேக்கின் உயரம் அங்கேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ் எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கிற குமிழுக்குள் வாயுவை நிரப்பி ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். ஈரம் பட்டதும் அது கொஞ்சம் வேலை செய்யத் தொடங்கிவிடும். மீதி வேலை ஓவன் சூட்டில். அதனால் மைதாவும் முட்டையும் ஒன்றாகக் கலந்த நிமிடத்திலிருந்து உங்கள் கலவைக்குக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் பார்த்துதான் மேலாளரின் போன் வருகிறது. 'இருபது நிமிடம் பேசினார்' என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இருபது நிமிடமும் குமிழ்கள் மெல்ல மேலே வந்து உடைகின்றன. திரும்பி வந்து பார்த்தால் கலவை தடித்துப்போய் ஒரு மாதிரி இருக்கிறது. என்ன செய்கிறீர்கள்? 'மறுபடி நன்றாக அடித்தேன்.' மிச்சம் இருந்த காற்றும் அதில் போய்விடுகிறது. கூடவே மைதாவில் இருக்கிற புரதம், அதாவது குளூட்டன், இழுபட்டு ரப்பர் மாதிரி ஆகிறது. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், நல்ல பேக்கிங் பவுடர் போட்ட வெண்ணெய் கேக் பதினைந்து இருபது நிமிடத் தாமதத்தைச் சில சமயம் தாங்கிவிடும். ஆனால் தாமதம், மறுபடி அடித்தது இரண்டும் சேர்ந்தால் தாங்காது. வெறும் முட்டையை நுரைக்க அடித்துச் செய்கிற ஸ்பான்ஜ் கேக்காக இருந்தால் ஐந்து நிமிடம்கூடக் கிடையாது.

அடுத்தது நீங்களே செய்துகொண்ட வினை. ஒவ்வொரு முறை குழி விழுந்ததும் பேக்கிங் பவுடரைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறீர்கள். 200 கிராம் மைதாவுக்கு ஒன்றரை டீஸ்பூனில் ஆரம்பித்து, கடைசி வரிசையில் 3 டீஸ்பூனில் வந்து நிற்கிறீர்கள். குழி விழுந்தால் பவுடர் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் பவுடர் கூடினாலும் குழி விழும். வாயு அதிகமாகி, குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, சுவர் கெட்டிப்படும் முன்பே உடைந்துவிடும். கேக் 'புஸ்' என்று எழும்பி, உங்கள் கண் முன்னாலேயே உட்காரும். அந்தப் பழைய ஒன்றரை டீஸ்பூனே சரி, இரண்டைத் தாண்ட வேண்டாம். டப்பா பழசாகிவிட்டதோ என்ற சந்தேகம் இருந்தால், அரை டீஸ்பூன் எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். உடனே பொங்கினால் நன்றாக இருக்கிறது.

அந்த இரண்டு 'பயந்து திறந்து பார்த்தேன்' கேக்குகள். கேக்கின் ஓரம் முதலில் வேகும், நடு கடைசியில்தான் வேகும். முட்டைப் புரதமும் மாவிலுள்ள ஸ்டார்ச்சும் 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் இறுகிச் சுவராக நிற்கும். அதுவரை நடுப்பகுதி வெறும் ஊதிய நுரை. 15-ஆவது நிமிடத்தில் கதவைத் திறந்தால் சூடு சட்டென்று இறங்குகிறது, நுரை சுருங்குகிறது. 40 நிமிடக் கேக் என்றால் 30 நிமிடம் வரைக்கும் அந்தக் கதவை மறந்துவிடுங்கள். வெந்துவிட்டதா என்று பார்க்க, அதற்குப் பிறகு நடுவில் ஒரு குச்சியைக் குத்திப் பார்த்தால் போதும்.

'180 டிகிரி' என்று பத்து வரிசையிலும் எழுதியிருக்கிறீர்கள். அது ஓவனின் பட்டன் சொல்கிற கணக்கு. வீட்டு ஓவன்கள் 10, 20 டிகிரி கூசாமல் பொய் சொல்லும். உள்ளே வைக்கிற சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கப் அளவையும் விட்டுவிட்டுத் தராசுக்கு மாறுங்கள் என்று சொல்ல வந்தேன். நீங்கள் ஏற்கெனவே கிராமில்தான் எழுதுகிறீர்கள். கணக்குப் பிரிவு!

சரி, கேக்கின் நோய் தெரிந்துவிட்டது. அது தெரிந்ததால் உங்கள் வேலை நாள் மாலை மாறிவிடுமா? மேலாளர் போன் செய்யாமல் இருக்கப் போகிறாரா? அதனால் என் பரிந்துரை கொஞ்சம் வேறு. வேலை நாளில் கேக் செய்யாதீர்கள். விட்டுவிடச் சொல்லவில்லை, செய்கிற பண்டத்தை மாற்றச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் மாவை இரண்டு வகையாகத்தான் நான் பார்ப்பேன். ஒன்று, நம்மை ஓட வைக்கிற மாவு. இன்னொன்று, நமக்காகக் காத்திருக்கிற மாவு. கேக் கலவை முதல் வகை. 'வா, இப்போதே வா, விட்டால் போய்விடுவேன்' என்று நிற்கும். சர்க்கரைப் பாகு அதைவிட மோசம். காய்ச்சிக்கொண்டிருக்கும்போது சில நொடி கவனம் சிதறினால் பொன்னிறம் கருப்பாகிவிடும், கையில் பட்டால் வெந்நீர்க் காயத்தைவிட ஆழமாகச் சுடும். பகல் முழுக்க ஒருவர் அதட்டலுக்கு ஓடிவிட்டு வந்து, மாலையில் இன்னொரு அதட்டல்கார மாவின் முன்னால் போய் நிற்கிறீர்கள். மனசு எப்படி ஆறும்?

காத்திருக்கிற மாவு, பிஸ்கட் மாவு. அதிலும் மிக எளிதான வெண்ணெய் பிஸ்கட்டுக்குக் கணக்கு 1 : 2 : 3. சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு, எல்லாம் எடைக் கணக்கில். உங்கள் வீட்டு அளவுக்குப் பொடித்த சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200 கிராம், மைதா 300 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. முட்டை இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை. எழும்ப வேண்டியது எதுவும் அதில் இல்லை, அதனால் உட்காரவும் ஒன்றும் இல்லை.

விடுமுறை நாளில் ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற பதத்தில் இருக்கட்டும், உருகிவிடக் கூடாது. சர்க்கரையோடு சேர்த்துக் குழைத்து, மைதாவையும் உப்பையும் போட்டு, ஒன்றுசேரும் வரை மட்டும் பிசையுங்கள். அழுத்திப் பிசைந்தால் கரகரப்பு போய்க் கட்டியாகிவிடும். பிறகு நான்கு சென்டிமீட்டர் தடிமனில் உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம். மூன்று நாள் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. ஃப்ரீசரில் இரண்டு மாதம் வரைக்கும் வைக்கலாம்.

இந்த மாவு காத்திருப்பதால் கெடுவதில்லை என்பது மட்டுமில்லை, காத்திருந்தால் இன்னும் நன்றாக வரும். வெண்ணெயில் இருக்கிற கொஞ்ச ஈரம் மாவு முழுக்கச் சீராகப் பரவும். வெண்ணெய் இறுகிவிடுவதால் ஓவனில் மெதுவாக உருகும், பிஸ்கட் பரந்து தட்டையாகாமல் வெட்டிய வடிவத்திலேயே நிற்கும்.

வேலை நாள் மாலை வந்ததும் முதலில் சாப்பிடுங்கள். ஏழரை மணிக்குக் கேக் ஆரம்பித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று அட்டவணையில் கட்டம் இல்லை. பசியோடு பேக்கிங் செய்கிறவர்களை வகுப்பில் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன், பாத்திரம் வைக்கிற சத்தத்தில் தெரியும். சாப்பிட்ட பிறகு ஓவனை 170 டிகிரியில் போட்டுவிட்டு உருளையை வெளியே எடுங்கள். ஃப்ரீசரில் இருந்தது என்றால் பத்து நிமிடம் விட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் உடையும். அரை சென்டிமீட்டர் கனத்தில், ஆளுக்கு இரண்டு என்று பத்தே பத்து வெட்டி, மீதியைத் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். 14 முதல் 16 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

நடுவில் போன் வந்தால்? வெட்டுவதற்கு முன்னால் வந்தால் உருளையை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பேசப் போகலாம். டிரே உள்ளே போன பிறகு வந்தால், "ஓவனில் வைத்திருக்கிறேன், கால் மணி நேரத்தில் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பொய் இல்லை, காரணமும் கண்ணெதிரே இருக்கிறது. "இப்போது முடியாது" என்று மேலாளரிடம் சொல்ல வாய் வராதவர்களுக்கும் இதைச் சொல்ல வரும்.

அலுவலக விஷயத்தில் நான் ஆலோசனை சொல்ல ஆள் இல்லை. ஒன்று மட்டும். கேக்குக்கு அட்டவணை போட்ட அதே கையால் இந்த போன்களுக்கும் ஒன்று போடுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், என்ன விஷயம், அது மறுநாள் காலை வரைக்கும் காத்திருக்கக் கூடியதா. ஒரு மாதம் போட்டுவிட்டு, மேலாளர் நிதானமாக இருக்கிற ஒரு பகல் வேளையில் எடுத்துக்கொண்டு போங்கள். யாரோ செய்த தவறுக்கு நீங்கள் வாங்கிய ஏச்சுகளும் அதில் தேதியோடு இருக்கட்டும். அடுப்படியில் நின்று மனசுக்குள் அவரிடம் பேசுகிற பேச்சைவிட அது உபயோகமாக இருக்கும். அதையும் மீறி, தூக்கம் கெடுகிறது, காலையில் எழுந்திருக்கவே பயமாக இருக்கிறது என்கிற அளவுக்குப் போனால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு மருந்து என் ஓவனில் இல்லை.

இப்போது வீட்டு மனிதர்கள்.

உங்கள் மகன் கேட்ட கேள்வியை நான் நான்கைந்து முறை படித்துவிட்டேன். "மறுபடியும் குழியா?" ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கேக்கில் குழி விழுந்தால் என்ன கவலை? அவனுக்கு அதுவும் இனிப்புதானே. குழி விழுந்த நாளில் அம்மாவின் முகம் எப்படி மாறும் என்று அவனுக்கு ஆறு தடவை பழக்கம். முன்னெச்சரிக்கையாகத்தான் கேட்டிருக்கிறான் என்று எனக்குப் படுகிறது. மறுநாள் "கேக் வேண்டாம்மா" என்று சொன்னதும் அதே கணக்குதான்: கேக் இல்லாவிட்டால் குழி இல்லை, குழி இல்லாவிட்டால் சத்தம் இல்லை. அவனிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்: "உன் மேல் கோபமில்லை, அலுவலகத்தில் ஏச்சு வாங்கிவிட்டு வந்து உன்னிடம் காட்டிவிட்டேன், தப்பு என்னுடையது." அதற்கு மேல் விளக்க வேண்டாம். பிறகு அந்த உருளையை வெட்டுகிற வேலையை அவனிடம் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு. தங்கைக்கு, வெட்டிய வில்லைகளின் மேல் முள்கரண்டியால் புள்ளி குத்துகிற வேலை. சில வில்லை தடியாகவும் சில மெல்லிசாகவும் வரும். தடியானவற்றை டிரேயின் ஓரத்திலும் மெல்லியவற்றை நடுவிலும் வையுங்கள், ஏறக்குறைய ஒன்றாக வேகும். திருத்திக் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: பச்சை மாவைச் சின்னவள் வாயில் போட்டுக்கொள்வாள், பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. பச்சை மைதாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம்.

கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார் என்கிறீர்கள். குழி விழுந்த கேக்கைப் பற்றி அவர் என்ன சொன்னால் உங்களுக்கு எரிச்சல் வராது, யோசித்துப் பாருங்கள். "நன்றாக இருக்கிறது" என்றால் பொய் என்பீர்கள். "குழி விழுந்திருக்கிறது" என்றால் அவ்வளவுதான். அவருக்கும் வேறு வழி தெரிந்திருக்காது. சாப்பிட்ட பிறகு பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள்தான் என்றால், அவர் வாய் திறப்பதைவிடக் கழுவுதொட்டி பக்கம் போவதை எதிர்பாருங்கள், கேளுங்கள்.

மாமியார் சொன்னதில் எனக்குப் பெரிய குற்றம் தெரியவில்லை. "இந்தப் பாடு இல்லையே" என்று நீங்கள் படுகிற பாட்டைத்தான் சொல்லியிருக்கிறார், கேக்கை இல்லை. அவர் குரல் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கேக்கைக் குப்பையில் கொட்டினீர்களே, அதற்கு மட்டும் எனக்கு மனசு கேட்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேற்பார்வையாளரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்துவிட்டு, கலவையை மறந்து, இரண்டு டிரே கேக்கைக் குழியாக்கினேன். கொட்டப் போனேன். பெரிய மாஸ்டர் கையைப் பிடித்து நிறுத்தினார். நடுவை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பழத்துண்டுகளும் கிரீமும் நிரப்பினார். வெட்டி எடுத்ததை உதிர்த்துக் கண்ணாடிக் கோப்பைகளில் போட்டுக் கஸ்டர்டு ஊற்றினார். இரண்டுமே விற்றுப்போயின. குழி நன்றாக வெந்திருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். உள்ளே ஈரமாக, மாவாக இருந்தால் வெட்டிய துண்டுகளை டிரேயில் பரப்பி இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் வாட்டிக்கொள்ளுங்கள். கேக்கை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன் இல்லையா, அன்றைக்கும் என்றாவது குழி விழத்தான் செய்யும். எனக்கே விழுகிறது.

கடைசியாக, மாமியாருக்கு. மேலே சொன்ன அளவில் சர்க்கரையை 100 கிராமிலிருந்து 75 வரை குறைக்கலாம், பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்குக் கீழே போனால் நிறம் வெளுத்து, மொறுமொறுப்பு போய், உதிர ஆரம்பிக்கும். எலுமிச்சைத் தோலை மஞ்சள் பகுதி மட்டும் துருவிச் சேர்த்தால், குறைந்த இனிப்பு நாக்குக்குக் குறையாகத் தெரியாது. ஆனால் அவர் இனிப்பைக் குறைத்தது ரத்தச் சர்க்கரைக்காக என்றால், மைதாவும் வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாகத்தான் மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். எத்தனை சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சும்மா வயசுக்காகக் குறைத்திருக்கிறார் என்றால் மெல்லிசாக வெட்டிய இரண்டு வில்லை போதும். அதை உங்கள் மகனே வெட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.